நாற்பது நாள் நான் திட்டவில்லை

என் வாய்க்கு எங்கள் லயனில் ஒரு மரியாதை உண்டு. ஒரே கூரையின் கீழ் ஒன்பது வீடுகள் வரிசையாக நிற்கும் எஸ்டேட் லயன் அது. மூன்றாவது வீட்டில் நான் சத்தம் போட்டால் ஒன்பதாவது வீட்டுக் குழந்தை அழுகையை நிறுத்திச் சோறு தின்றுவிடும் என்பார்கள். கேலிதான், ஆனால் பொய் இல்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் போய்ப் பேச என்னைத்தான் தள்ளிவிடுவார்கள். "நீ போக்கா, நீ போனாத்தான் ஆவும்." காரியம் முடிந்ததும், "யப்பா, என்னா வாயி" என்று முதுகுக்குப் பின்னால் சொல்பவர்களும் அவர்கள்தான். போகட்டும்.

வீட்டுக்குள் அந்த வாய் முழுக்க என் வீட்டுக்காரருக்கு. நல்ல மனிதர். குடி கிடையாது, என் மேல் கை நீட்டியது கிடையாது. ஆனால் அசைய மாட்டார். எஸ்டேட் களத்தில் காப்பி காய வைப்பது அவர் வேலை. சிமெண்டுத் தரையில் பரப்பிய கொட்டைக்குள் வெறுங்காலோடு நடந்து, காலைத் தேய்த்துத் தேய்த்து வரி போட்டுக் கிளறிவிட வேண்டும். செருப்புப் போட்டால் கொட்டையின் தோல் உடைந்துவிடும். காலையிலிருந்து அப்படி நடக்கிறவர், வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்த இடத்தில் வேர் விட்டுவிடுவார். முதல் சொல்லுக்குக் காது கேட்காது. இரண்டாவதற்குத் திரும்பிப் பார்ப்பார். நான் குரலை ஏற்றி அவர் பாட்டன் வரைக்கும் இழுத்த பிறகுதான் துண்டை உதறிக்கொண்டு எழுவார்.

திட்டும்போதும் நான் மரியாதையைக் குறைப்பதில்லை. "ஏனுங்க, எருமை மாட்டு மேல மழை பேஞ்சாப்புல உக்காந்திருக்கறீங்களே, மனுசனாங்க நீங்க?" இப்படித்தான் வரும். பீடியை அவர் விட்டது அப்படித்தான். ஆறு வருடத்துக்கு முன் உடம்பில் சர்க்கரை என்று தெரிந்தது. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை ஏற்காடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருவதும் என் தொண்டை வறண்ட பிறகுதான் நடக்கும். ஒரு மாதமாவது தானாகக் கிளம்பியிருப்பாரா? இல்லை.

எங்களுக்கு ஒரே மகள். குப்பனூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மலையை விட்டு இறங்கினால் அவள் வீடு. பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இரண்டு வருடமாக அவள் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. போன கார்த்திகையில் போனில் கேட்டேவிட்டேன், ஏன் கண்ணு வருவதில்லை என்று. கேட்டது தப்பு.

"உன்ற வாய்க்குப் பயந்துதாம்மா வர்றதில்ல. வந்தா எந்நேரமும் அப்பாவப் புடிச்சு வையறே. எனக்கு ரெண்டு நாளைக்குத் தலைய வலிக்குது."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பெற்ற மகளே சொல்லிவிட்டாளே. ஐம்பத்து நான்கு வயதில் ஒருத்தி தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா இது?

அந்த வாரமே எங்கள் மகளிர் குழுவுக்குச் சேலத்திலிருந்து ஒரு அம்மா பேச வந்தார். பத்தாவது படித்தவள் என்பதால் குழுவின் தீர்மான நோட்டு எழுதுவது நான்தான். அதனால் முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டேன். கஞ்சி போட்ட காட்டன் சேலை, மெல்லிய குரல். கோபம் ஒரு வியாதி என்றார். கிடைத்ததில் திருப்திப்படு, அடுத்தவரைத் திருத்தப் போகாதே, உன்னை மட்டும் திருத்திக்கொள் என்றார். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், யாரையும் திட்டாமல், எதற்கும் வற்புறுத்தாமல் இருந்து பாருங்கள். கோபம் வந்தால் பத்து வரைக்கும் எண்ணுங்கள். சாயங்காலம் ஒரு நோட்டில் அன்றைக்குக் கிடைத்த சின்னச் சந்தோஷங்களை எழுதுங்கள். குடும்பமே மாறிவிடும் என்றார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் என்னைப் பார்த்துச் சொன்னது போலவே இருந்தது. அந்த அம்மா மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. அவர் நல்லதைத்தான் சொன்னார்.

மறுநாளே ஆரம்பித்தேன். முதல் மூன்று நாள் பட்ட பாடு இருக்கிறதே! பத்து வரை எண்ணினால் போதவில்லை. நூறு வரைக்கும் போனேன். ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டார், எண்ணினேன். சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டு எழுந்தார், எண்ணினேன். நான்காம் நாள் அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"ஒடம்புக்கு முடியலியா புள்ள?"

"நல்லாத்தானுங்க இருக்கறேன்."

"அப்பறம் ஏன் பேச்சையே காணோம்?"

சிரித்துவிட்டேன். விரதத்தைப் பற்றிச் சொன்னேன். "அட, இதுக்கெல்லாமா கிளாசு எடுக்கறாங்க" என்று அவரும் சிரித்தார்.

பொய் சொல்லக் கூடாது, அந்த நாட்கள் நன்றாக இருந்தன. வேலை முடிந்து வந்ததும் கொல்லைப்புற வாசலில் இரண்டு பேரும் டம்ளரோடு உட்காருவோம். சவுக்கு மரங்களுக்கு நடுவில் பனி மேலே ஏறி வரும். முன்பெல்லாம் அந்த நேரம் நான் பாத்திரத்தோடும் அவரோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். பனியை யார் பார்த்தார்கள்? இப்போது பார்த்தேன். அவர் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுப்பார். கல்யாணமான புதிதில் கேட்ட பிறகு அதை நான் கேட்டதேயில்லை. நோட்டில் எழுதினேன்: இன்று வெயில் அடித்தது. ரசம் நன்றாக வந்தது. அவர் பாடினார். லயனில் எல்லோருக்கும் ஆச்சரியம். "அக்கா, சாமி கீமி வந்துருச்சா உனக்கு?" என்று கேட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை. திருந்திவிட்டேன் என்ற பெருமை.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, களத்துப் படிக்கல்லில் அவர் இடது கால் சுண்டுவிரலை இடித்துக்கொண்டு வந்தார். நகம் பெயர்ந்திருந்தது. ரத்தம் கசிந்ததே அவருக்குத் தெரியவில்லை. கூட வேலை செய்தவர் காட்டிய பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறார். சர்க்கரை வந்ததிலிருந்து பாதம் மரத்துத்தான் இருந்தது.

காயம் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே மருந்துதான். காப்பித்தூள். கத்தி பட்டாலும் கல் பட்டாலும் ஒரு சிட்டிகைத் தூளை வைத்து அழுத்தினால் ரத்தம் நின்றுவிடும், நாலு நாளில் பக்குத் தட்டிவிடும். எங்கள் அப்பன் ஆத்தாள் செய்தது, நாங்களும் செய்தோம். அவர் டப்பாவைத் திறந்து தூளை வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டார். மறுநாள் அதன் மேலேயே இன்னும் கொஞ்சம். அதற்கு மறுநாளும்.

முன்பாக இருந்தால் முதல் நாளே நான் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்திருப்பேன். "சக்கரைக்காரருக்கு காலுதானுங்க உசுரு, கெளம்புங்க" என்று லயனையே கூட்டியிருப்பேன். அன்றைக்கு மெதுவாக ஒரு தடவை சொன்னேன், டாக்டரிடம் காட்டலாமே என்று. "ஆறிரும் புள்ள" என்றார். அடுத்தவரை வற்புறுத்தக் கூடாது. விட்டுவிட்டேன்.

மாத்திரை வாங்கும் நாள் வந்தது. மாதத்தின் முதல் வியாழன். காலையில் குளித்து, சட்டை போட்டு, தோளில் துண்டோடு வாசலில் நின்றார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. வெளியே சாரல்.

"மழையா இருக்குது. அடுத்த வாரம் போனா ஆவாதா?" என்றார்.

எனக்குக் காது மடல் சூடானது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். "உங்க இஷ்டமுங்க" என்றேன்.

அவர் உடனே உள்ளே வரவில்லை. அதே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பிறகு துண்டை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் நோட்டில் நான் எழுதியது இது: இன்று சண்டை வரும்போல் இருந்தது, வரவில்லை. எழுதிவிட்டு அதன் கீழே ஒரு கோடு வேறு போட்டேன். அந்தக் கையை என்ன செய்வது?

மாத்திரை இல்லாமல் அந்த வாரம் போனது. அடுத்த வாரமும் போனது.

பொங்கலுக்கு மகள் வந்தாள். நான்கு நாள் தங்கினாள்! முதல் நாள் சாயங்காலமே அவளிடம் மாற்றம் தெரிந்தது. என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். "என்னம்மா, ஊடே அமைதியா இருக்குது" என்றாள். எனக்கு வேறு என்ன வேண்டும்? கரும்பு கடித்தோம். அவள் கேட்டாள் என்று இரண்டு தடவை பணியாரம் சுட்டேன். அவளும் அப்பாவும் கேரம் ஆடினார்கள். வாழ்க்கை என்றால் இவ்வளவுதான், இது தெரியாமல் இத்தனை வருடம் கத்தியே தொலைத்தோமே என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவள்தான் அவர் காலைப் பார்த்தாள்.

"அப்பா, என்னது இது? இம்புட்டுப் பெரிய கட்டு?"

"சும்மா, கல்லு இடிச்சுது சாமி. காப்பித்தூள் வெச்சிருக்கறேன்."

"துணிய அவுருங்க பாக்கலாம்."

"வேண்டாம், பக்கு பேந்துரும்."

அவள் எழுந்து நின்றாள். குரல் ஏறியது. அச்சு அசல் என் குரல். "சக்கரைய வெச்சுக்கிட்டு வெளையாடறீங்களா? இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோணும், கெளம்புங்க!"

அவர் கேரம் பலகையில் இருந்து கையை எடுத்தார். எழப் போனார் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது. நடுவில் புகுந்தது நான். நல்ல நாளும் அதுவுமாக வீட்டில் சத்தம் வேண்டாமே என்று நினைத்தேன். மகள் இப்படியே கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டால் இனி இரண்டு வருடம் வரமாட்டாளே என்று பயந்தேன். "உடு கண்ணு, பொங்கலுக்கு ஆஸ்பத்திரியில யாரு இருப்பாங்க? பொங்கல் முடியட்டும், அப்பாவே போவாரு" என்றேன். மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். திரும்ப உட்கார்ந்தாள். அவர் மறுபடியும் காயைத் தட்டினார்.

மகள் ஊருக்குப் போன மறுநாள் வீட்டில் ஒரு நாற்றம். விறகுக்குப் பின்னால் எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். விறகு முழுவதையும் வெளியே அடுக்கினேன். எலி இல்லை. பரண் மேல் ஏறிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. அடுத்த நாள் வேலைக்குப் போய்விட்டேன். காப்பிக்கொட்டை பொறுக்கும் கொட்டகையில் இருபது வருடமாக இருக்கிறேன். மேசையில் கொட்டிய குவியலில் கெட்டுப்போன கறுப்புக் கொட்டையை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஆயிரம் கொட்டைக்குள் ஒரு கறுப்பு இருந்தாலும் என் விரல் தானாக அதற்குப் போகும். சூப்பர்வைசர் என்னைக் காட்டித்தான் புதுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். அன்றைக்கும் அந்தப் பேரோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

அவர் போர்வைக்குள் கிடந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. காலைக் கழுவிவிடலாம் என்று வெந்நீர் வைத்துத் துணியை அவிழ்த்தேன். நாற்றம் அதிலிருந்துதான். தூள் கட்டி கட்டியாகக் கரைந்து வந்தது. காலை வைத்திருந்த வட்டகைப் பாத்திரத்துத் தண்ணீர் காப்பி நிறத்துக்கு மாறியது. தூள் எல்லாம் போய்விட்டது, இன்னும் கறுப்பாகவே இருக்கிறதே என்று தேய்த்தேன். இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். பிறகுதான் தெரிந்தது, அது தூள் இல்லை, விரல். சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் கரியாக இருந்தன. அங்கிருந்து பாதத்தின் மேல் சிவப்பு ஏறி, கணுக்கால் பளபளவென்று வீங்கியிருந்தது.

அன்று நாற்பத்தோராம் நாள்.

நான் என்னென்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. நாற்பது நாள் சேர்த்து வைத்தது மொத்தமும் வந்தது. ஒன்பது வீட்டு ஆட்களும் வாசலில் கூடிவிட்டார்கள். "பாவி மனுசா" என்று சொன்னேனாம். மரியாதை கெட்டு நான் அவரைப் பேசியது அந்த ஒரு தடவைதான். அவர் போர்வையை விலக்கினார். அந்தக் காய்ச்சலோடு எழுந்து, ஆணியில் கிடந்த சட்டையை எடுத்துத் தானாகவே பொத்தான் போட்டுக்கொண்டார்.

எஸ்டேட் ஜீப்பில் மலையை விட்டு இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவர் தலை என் தோளில் வந்து இடித்தது. அடிவாரம் வருவதற்குள் நான் வேண்டாத சாமி இல்லை. விரலோடு போகட்டும், மற்றதை விட்டுவிடு என்று வேண்டினேன். கொஞ்சமாகத்தான் கேட்டேன்.

சேலத்தில் பார்த்த டாக்டர் சின்னப் பையன்போல இருந்தார். காலைப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார், என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எத்தனை நாளா இருக்கும்மா?"

"ஒரு மாசமுங்க."

"ஒரு மாசமா பாக்கலையா நீங்க?"

பார்க்கவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? திருந்திக்கொண்டிருந்தேன் என்றா? மூன்று வாரத்துக்கு முன்னால் வந்திருந்தால் ஒரு விரலோடு முடிந்திருக்கும் என்றார். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லிக் காகிதத்தை நீட்டினார். குழுவில் எத்தனையோ தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போட்ட கைதான். அதே எழுத்தில் இதற்கும் போட்டுக் கொடுத்தேன்.

மகள் ஓடி வந்தாள். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அவளும் மெல்லப் பேசப் பழகிவிட்டாள் போலிருக்கிறது. நாள் முழுவதும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "பொங்கலன்னிக்கு நான் உட்டிருக்கக் கூடாதும்மா" என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். தப்பு என்னுடையது கண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்து இப்போது மூன்று மாதம் ஆகிறது. களத்து வேலை போய்விட்டது. ஒரு காலோடு கொட்டைக்குள் எப்படி நடப்பது? லயன் வீட்டில் இருக்கலாம் என்று எஸ்டேட்டில் சொல்லியிருக்கிறார்கள், நான் வேலை செய்கிற வரைக்கும். கக்கத்தில் கட்டை வைத்து நடக்கப் பழகுகிறார். நான் திட்டுகிறேன். "எந்திரிங்க, நாலு எட்டு வெச்சாத்தான் ஆவும்" என்கிறேன். சத்தம் பழையபடிதான் வருகிறது, ஆனால் பாதியிலேயே நிறுத்திவிட்டுக் கட்டையை எடுத்துக் கொடுக்கிறேன். சந்தோஷங்களை எழுதிய நோட்டை அடுப்பில் போட்டுவிட்டேன். அதில் எழுதியது ஒன்றும் பொய் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த ஒரு மாதம் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். பாட்டும் பனியும் ஒரு பக்கம், உள்ளே கால் அழுகியது ஒரு பக்கம்.

கேட்கக் கூடாது என்று இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கேள்வியைப் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட்டுவிட்டேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, மடக்கிவிட்ட வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க, அத்தன நாளும் உங்களுக்கு ஒண்ணுமே தெரியலீங்களா? நாத்தம் வந்துச்சே, காச்ச வந்துச்சே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க?"

அவர் வேட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நொம்ப நாளா அந்தக் காலுல வலியே கெடையாது புள்ள. எனக்கென்ன தெரியும்? பெருசா ஏதாச்சும் இருந்தா நீ உட்டிருப்பியா? திட்டித் தீத்திருப்பியே. நீ சும்மா இருந்தியா, சரி, ஒண்ணுமில்லையாட்டம் இருக்குதுன்னு நானும் உட்டுட்டேன்."

அதில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்த்துப் பதில் சொல்வாரே, அப்படிச் சொன்னார். முப்பத்திரண்டு வருடமாக அந்த மனிதர் தன் உடம்பை என் வாயை வைத்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். நான் கத்தினால் ஆபத்து, கத்தாவிட்டால் பயமில்லை. எனக்கு அது தெரியாது. ஒரு தடவையாவது அவர் அதைச் சொல்லியிருக்கலாம்.